ஷெரிஃப் விசாரித்த மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் ஒரு பையனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பையனிடம் பேச மாட்டார்கள். அவனைப் பெற்றவர்களிடமும் பேச மாட்டார்கள். அவன் வீட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் போய் உட்கார்ந்து ஒரு டீ சொல்வார்கள். பாதி டீ உள்ளே போனதும், ஏதோ பேச்சுவாக்கில் வந்தது மாதிரி, "அந்தப் பச்சைக் கேட் வீட்டுப் பையன் இப்ப எங்கன இருக்கான்?" என்று ஆரம்பிப்பார்கள். இதற்குப் பெயர் விசாரிப்பு. தூத்துக்குடி வட்டாரத்தில் ஜாதகம் பொருந்தாமல் நடந்த கல்யாணங்கள் உண்டு. விசாரிக்காமல் நடந்த கல்யாணம் எனக்குத் தெரிந்து இல்லை. (காதல் கல்யாணத்துக்கும் உண்டு. என்ன, கல்யாணம் முடிந்த பிறகு விசாரிப்பார்கள்.)

இந்தக் கலையில் என் அப்பா கரைகண்டவர். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் படகுகளுக்கான கயிறு, வலை, நங்கூரம் விற்கிற கடை எங்களுடையது. கடையைப் பூட்டிவிட்டு ஆறுமுகநேரிக்குப் போய், என் வீட்டுக்காரரின் தெருமுனை சலூனில் அடுத்தடுத்த நாள் முகச்சவரம் செய்துகொண்டு வந்தவர் அவர். இரண்டாம் நாள் சிரைக்க ஒன்றும் இல்லாமல் கன்னமெல்லாம் சிவந்துபோய் வீட்டுக்கு வந்து, "பையன் தங்கம்ளா, பீடி கூடக் கெடையாது" என்றார்.

அவர் வகுத்து வைத்திருந்த சட்டம் இரண்டே. ஒன்று, குறைந்தது மூன்று இடத்தில் கேட்க வேண்டும். இன்னொன்று, எதற்காகக் கேட்கிறோம் என்று மூச்சு விடக் கூடாது. "கல்யாணத்துக்குன்னு சொன்னா எல்லாவனும் நல்லவன்னுதாம் சொல்லுவான். சும்மா கேட்டாத்தாம் உள்ளது வரும்" என்பார். அமெரிக்காவில் ஒரு போலீஸ் வண்டி சைரன் போட்டுக்கொண்டு கிளம்பியதற்குக் காரணம் இந்த இரண்டாவது சட்டம்தான். அந்த சைரனுக்கு விசை போட்டவள் நான்.

என் தங்கை சுபா பிசியோதெரபி படித்துவிட்டு இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிற வரனையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழிப்பாள். ஒருத்தர் பேசும்போது மேஜையைத் தட்டுகிறார். ஒருத்தர் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார். அப்பாவுக்குக் கவலையில் சர்க்கரை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் செந்தில் வரன் வந்தது. சொந்த ஊர் இங்கே பக்கத்தில் புதுக்கோட்டை. திருநெல்வேலி ரோட்டில் பஸ் ஏறினால் டிக்கெட் எடுத்து முடிப்பதற்குள் வந்துவிடும். காற்றாலை இன்ஜினீயர். முதலில் கயத்தாறு பக்கம் வேலை பார்த்தவர், பிறகு அமெரிக்கா போய் அங்கேயும் காற்றாலை மேலேயே ஏறிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா காலமாகிவிட்டார், வீட்டில் அம்மா மட்டும்.

சுபாவும் அவரும் வீடியோவில் பேசினார்கள். பேசிவிட்டு வெளியே வந்தவள் யார் முகத்தையும் பார்க்காமல் கொல்லைக்குப் போய், துவைத்துக் காய்ந்திருந்த துணிகளை மறுபடி வாளியில் ஊறவைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. சாயங்காலம் என்னிடம் தனியாக வந்தாள்.

"யக்கா, எனக்கு இந்த ஆளப் பிடிச்சிருக்கு. எதையாவது பண்ணிக் கெடுத்துராத."

அதை ஏன் குறிப்பாக என்னிடம் வந்து சொன்னாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

புதுக்கோட்டையில் அப்பா விசாரித்து முடித்துவிட்டார். மளிகைக் கடை, சைக்கிள் கடை, கோயில் பூசாரி, எல்லா இடத்திலும் நல்ல பெயர். ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"இங்கன இருந்த வரைக்கும் நல்லவன், சரி. அங்கன போயி எப்படி இருக்கான்னு யாரு கண்டா? அங்க ஒரு வார்த்த கேக்காம பொண்ணத் தர மாட்டேன்."

"அங்க யாருப்பா போயிக் கேப்பா?"

"நீதான் ஜியாகரபி டீச்சரு."

நான் மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை, கல்யாணமான பிறகும் அப்பா வீட்டு மாடியில்தான் குடித்தனம். எங்கள் வீட்டு அகராதியில் அதற்கு, உலகத்தில் எந்த ஊரானாலும் வழி தெரிந்தவள் என்று பொருள். திருச்செந்தூருக்குக் கடைசி பஸ் எப்போது என்பதைக்கூட என்னிடம்தான் கேட்பார்கள். அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள மனமில்லாமல் சரி என்றேன்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்தையும் கவுன்டி கவுன்டியாகப் பிரித்திருக்கிறார்கள். நம் ஊர் மாவட்டம் மாதிரி. செந்தில் இருந்த கவுன்டியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அங்கே குடியிருக்கிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டி வரும். (அது நடக்காத காரியமும் இல்லை. மத்தியானம் உட்கார்ந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம், அவ்வளவு பேர்தான்.)

நாட்டின் நட்டநடுவில், எந்தத் திசையில் போனாலும் கடல் வராத இடம். மேடும் பள்ளமுமாகப் புல், புல்லுக்கு நடுவே மாடு, மாட்டுக்கு நடுவே காற்றாலை. ரோடுகளெல்லாம் கணக்கு நோட்டுக் கட்டம் மாதிரி நேர்நேராக ஓடின. ஒரு நதிக்குப் பெயர் போட்டு நீலக்கோடு இழுத்திருந்தார்கள், செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் முக்கால்வாசி மணல். (அது ஒன்றுதான் நம்ம ஊர் மாதிரி இருந்தது.) பரப்பளவில் நம் மாவட்டத்தின் பெரும்பகுதியை அதற்குள் வைத்துவிடலாம். மக்கள்தொகையைப் படித்துவிட்டு ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து வேறோர் இடத்தில் பார்த்தேன். அங்கேயும் அதே எண். நம்ம ரெண்டாங்கேட்டை ரயிலுக்காக மூடித் திறப்பதற்குள் இரண்டு பக்கமும் சேர்கிற கூட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்.

அத்தனை பெரிய கவுன்டிக்கும் ஒரே ஒரு டவுன். அதில் ஒரு கோர்ட், தானியம் கொட்டி வைக்கிற உயரமான உருளைகள், ஊர்ப் பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சர்ச், ஒரு கடை. மற்ற ஊர்களுக்கு வரைபடத்தில் பெயர் இருந்தது, தரையில் வீடு இல்லை.

'ப்ரெய்ரி புல்வெளிகளில் மக்கள் அடர்த்தி குறைவு' என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை அடிக்கோடு இடச் சொன்னவள் நான். குறைவு என்றால் இவ்வளவு குறைவு என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கடையில் நைலான் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தார்.

"பையன் வீட்டுக்கு அடுத்த வீடு எங்கன இருக்கு?"

"அடுத்த வீடு கண்ணுக்குத் தெரியலப்பா. ரொம்பத் தள்ளி ஒரு வீடு இருக்கு. இங்கருந்து முத்தையாபுரம் போற தூரம்."

"எதுத்த வீடு?"

"எதுத்தாப்ல மாடு நிக்கிப்பா."

அப்பா கயிற்றின் நுனியைப் பிரித்துப் பிரித்து முறுக்கினார். பிறகு குரல் இறங்கி, "டீக்கடை கூடவா இல்ல?" என்றார்.

டவுனில் ஒரு கடை இருப்பதைச் சொன்னேன். பெட்ரோல், மளிகை, கறி, காப்பி, ஆணி, மாட்டுத் தீவனம் எல்லாம் அந்த ஒரே கூரைக்குக் கீழே. அப்பாவின் முகம் தெளிந்தது. "கடைன்னு ஒண்ணு இருந்தாப் போதும்ளா. கடைக்காரனுக்குத் தெரியாம ஊருல ஒண்ணும் நடக்காது" என்றார். அவருடைய விசாரிப்பு சாஸ்திரத்தில் கடல் தாண்டியும் செல்லுபடியானது இந்த ஒரு வாக்கியம்தான்.

எனக்கு எனக்கென்று ஒரு கணக்கு இருந்தது. தூத்துக்குடியில் ஒரு வார்த்தை கேட்டால் அடுத்த தெருவுக்குப் போய்விடும், ஏனென்றால் சுவருக்குச் சுவர் ஆள். அங்கேயோ வீட்டுக்கு வீடு காத தூரம். நடுவில் மாடுகள்தான். நான் கேட்டது யார் காதுக்குப் போகப் போகிறது? ஆள் குறைந்த இடத்தில் செய்தி மெதுவாகத்தான் நகரும் என்று முடிவு கட்டினேன். இதைச் சொன்னவள் புவியியல் முதுகலை.

இங்கே விளக்கு வைக்கிற நேரம், அங்கே காலை. வீட்டிலிருந்து பேசினால் சுபா காதில் விழும் என்பதால் அப்பாவின் கடையிலேயே உட்கார்ந்து என் கைபேசியில் அழைத்தேன். அப்பா பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். எடுத்தது ஒரு பெண்மணி, கடையின் சொந்தக்காரர். டாரதி என்று பெயர் என்பது பிறகுதான் தெரியும். நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன். (என் ஆங்கிலத்தை அப்படியே தந்தால் என் மாணவிகள் படித்துவிடும் அபாயம் இருக்கிறது.)

"உங்கள் ஊரில் செந்தில் என்று ஒருவர் இருக்கிறாரா?"

"காற்றாலை செந்திலா? இருக்கிறாரே. யார் பேசுவது?"

"சும்மா, தெரிந்தவர்."

"உங்கள் பெயர்?"

அப்பா கையை வேகமாக ஆட்டினார். "பெயர் முக்கியமில்லை" என்றேன்.

புத்தியுள்ளவர்கள் இந்த இடத்தில் போனை வைத்திருப்பார்கள்.

"அவர் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாரா?"

"எதற்காகக் கேட்கிறீர்கள்?"

"சும்மாதான். காலையில் எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவார்? ராத்திரி எப்போது திரும்புவார்?"

இதை எழுதும்போதே எனக்கு வியர்க்கிறது. ஆனால் நம் ஊரில் இது 'நேரத்துக்கு வீடு திரும்புகிற பிள்ளையா' என்கிற நியாயமான கேள்வி. இதைக் கேட்காமல் வந்தால்தான் திட்டு விழும்.

"வீட்டுக்கு யாராவது வந்து போவார்களா? குறிப்பாகப் பெண்கள்?"

"மேடம், நீங்கள் யார்?"

"குடிப்பாரா?"

பதில் வருவதற்குள் அப்பா என் முழங்கையைச் சுரண்டி, "முடி, முடியக் கேளு" என்றார். (பெரியப்பா மகள் விஷயத்தில் எங்கள் குடும்பம் ஒருமுறை ஏமாந்திருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று மின்விசிறிக்கு நேர் கீழே மாப்பிள்ளையை உட்கார வைத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.)

"அவர் தலையில் இருப்பது சொந்த முடியா?"

டாரதி மிகுந்த மரியாதையோடு, "இந்த எண்ணில் உங்களைத் திரும்ப அழைக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

"என்னளா சொல்லுதா?"

"ஒண்ணும் குறையாச் சொல்லலப்பா."

"அப்பம் ஒரு இடம் ஆச்சு. இன்னும் ரெண்டு."

அப்பா கடைப் பக்கத்தில் டீ வாங்கி வந்தார். அது குடிக்கிற சூட்டுக்கு வந்ததும் சர்ச்சுக்கு அழைத்தேன். எடுத்தவர் ஹலோ சொல்லவில்லை.

"டாரதியிடம் பேசியது நீங்கள்தானே?" என்றார்.

கைபேசியை அணைத்துக் கயிற்றுச் சுருளுக்குள் போட்டேன். வீட்டுக்கு வீடு காத தூரம் உள்ள அந்த ஊரில், என் டீ ஆறுவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மக்கள் அடர்த்தி பற்றி அதுவரை நான் படித்த எதிலும் இது இல்லை. ஆட்கள் கொஞ்சமாக இருந்தால் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் வேண்டியவராக இருப்பார் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதவில்லை.

அந்தப் பக்கம் நடந்ததை செந்தில் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். (இன்னமும் சொல்கிறார், ஒவ்வொரு முறையும் ஒரு வண்டி கூடுகிறது.) டாரதியின் கண்ணில் விஷயம் இதுதான்: பெயர் சொல்ல மறுக்கிற ஒரு வெளிநாட்டுக்காரி, தங்கள் ஊர்ப் பிள்ளை தனியாக இருக்கிறானா, எப்போது வெளியே போவான், எப்போது திரும்புவான் என்று துருவித் துருவிக் கேட்கிறாள். அவர் உடனே ஷெரிஃபைக் கூப்பிட்டார். ஷெரிஃப் என்றால் அந்தக் கவுன்டி முழுமைக்கும் போலீஸ் தலைவர். டாரதிக்குத் தங்கை மகனும்கூட. எல்லாக் கேள்வியும் ஷெரிஃபுக்குப் புரிந்ததாம், முடி மட்டும் புரியவில்லையாம். அதுதான் ஆபத்தான கேள்வி என்று அவர் முடிவு செய்தார்.

செந்தில் அந்த நேரம் காற்றாலையின் உச்சியில் இருந்தார். கைபேசி கீழே வண்டியில் கிடந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் இல்லாமல் போனதும் ஊருக்குப் பதற்றம் கூடிவிட்டது. ஷெரிஃப் சைரனோடு காற்றாலைக்குக் கிளம்பினார். அந்தத் தூரத்து வீட்டுக்காரர், மாட்டுப் பண்ணை வைத்திருக்கிற வயதானவர், தன்னுடைய டிராக்டரைக் கொண்டுபோய் செந்தில் வீட்டுப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தி, ஃப்ளாஸ்க்கில் காப்பியை எடுத்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சர்ச்சைச் சேர்ந்த பெண்கள் மூடி போட்ட பாத்திரங்களில் சாப்பாடு கொண்டுவந்து அவர் வீட்டு வாசலில் வைத்தார்கள். என்ன ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியாது. என்ன ஆபத்தானாலும் பிள்ளைக்குப் பசிக்கும் என்று தெரிந்திருக்கிறது.

மேலே இருந்து பார்த்த செந்திலுக்கு, புழுதி கிளப்பிக்கொண்டு நாலு பக்கமிருந்தும் வண்டிகள் வருவது தெரிந்தது. ஊரில் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்துவிட்டாராம். இந்த இடத்தை மட்டும் அவர் சிரிக்காமல் சொல்வார். எனக்கும் இந்த இடத்தில் சிரிப்பு வராது.

ஷெரிஃப் அவரை ஓரமாக அழைத்துப்போய், "உனக்கு எதிரிகள் உண்டா?" என்று கேட்டு, என் கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். நேரத்துக்கு வீடு திரும்புவாயா என்றபோது செந்தில் நெற்றியைச் சுருக்கினார். குடிப்பாயா என்றபோது சந்தேகம் வந்தது. சொந்த முடியா என்றபோது புல்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எதிரிங்க இல்ல சார். பொண்ணு வீட்டுக்காரங்க."

அதை விளக்கத்தான் நேரம் பிடித்தது. நேராகவே கேட்டிருக்கலாமே என்றாராம் ஷெரிஃப். நேராகக் கேட்டால் அது விசாரிப்பு ஆகாது என்றாராம் செந்தில். ஷெரிஃப் கொஞ்சம் யோசித்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செந்திலின் முடியைப் பிடித்து ஓர் இழு இழுத்துப் பார்த்தார். "சொந்த முடிதான், எழுதிக்கொடுக்கிறேன்" என்றார்.

அங்கே எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். இங்கே அப்படி இல்லை. செந்தில் தன் அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் சிரிக்கவில்லை, போனை வைத்துவிட்டார். மறுநாள் காலை தரகர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பையனோட அம்மா அந்த டீச்சரு நேர்ல வரணும்னு சொல்லுதாவ. வேற ஒண்ணும் சொல்லல" என்றார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "எஞ் சர்வீஸ்ல போலீசு வரைக்கும் போன விசாரிப்பு இதுதாம் மொத தடவ" என்று தன் பங்குக்கும் ஒன்று வைத்துவிட்டுப் போனார்.

சுபா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"உங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதானக்கா கேட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் கத்தியிருந்தால் தேவலாம். எத்தனையோ பேரை வேண்டாம் என்றவள், ஒருத்தரை வேண்டும் என்றாள். அதை நான் வாயாலேயே கெடுத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வெட்கம் சாதாரணமானதில்லை, சோற்றில் கை வைக்க முடியவில்லை.

அப்பாவும் நானும் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினோம். என் மடியில் மக்ரூன் பொட்டலம். "நீ வாயத் தொறக்காத, நாம் பேசிக்கிடுதேன்" என்று அப்பா வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நீயே பேசிரு" என்றார்.

செந்திலின் அம்மா ஒல்லியான பெண்மணி. வாங்க என்றார், உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார். அப்பா தொண்டையைக் கனைத்து, "மயினி, பிள்ள தெரியாமச் செஞ்சிட்டா" என்று ஆரம்பித்தார். அவர் அதைக் காதில் வாங்காமல் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரு, நடந்தத ஒண்ணு விடாமச் சொல்லு. அவஞ் சிரிச்சிக்கிட்டே சொன்னதுல எனக்குப் பாதி வெளங்கல."

சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, முடி விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தக் கடக்காரம்மா எம்பிள்ளையப் பத்தி உங்கிட்ட என்ன சொன்னாவ?"

"ஒரு வார்த்த சொல்லலம்மா. நான் யாருன்னு சொல்லாததுனால ஒண்ணுமே சொல்லல."

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். "அந்த டிராக்டர்க்காரரு?"

"செந்தில் வீட்டுக்கு வந்து சேருற வரைக்கும் அங்கனயே இருந்தாராம்மா. வெளிய ஒரே குளிராம்."

"சாப்பாடு கொண்டாந்தாவளாமே."

"ஆமாம்மா. வாசப்படியில எடமில்லாம தரையில வச்சாங்களாம்."

அவர் தன் கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் பார்த்த அதே வரைபடம். அதே புல், அதே கட்டம் கட்டமான ரோடு.

"அவன் போன அன்னைக்கு இந்தப் படத்தப் போட்டுக் குடுத்துட்டுப் போனான். தெனமும் பாப்பேன். வெரலால தள்ளித் தள்ளிப் பாப்பேன். ஒரு வீடு வராது. இவன் பாட்டுக்கு அம்புட்டு ஒசரத்துல ஏறுதான். கால் தவறுச்சின்னா யாருக்குத் தெரியும்? மாட்டுக்குத்தாம் தெரியும்னு நெனச்சுக்கிடுவேன். அவன் போனதுலருந்து நான் நிம்மதியா ஒறங்குனதில்ல தாயீ."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் நிற்கவில்லை.

"நீ பேரு சொல்லாம ஒரு போனு போட்டதுக்கு ஊரே கெளம்பி வந்து எம்பிள்ளையச் சுத்தி நின்னுருக்காவ. அவனுக்கு ஒண்ணுன்னா கேக்க ஆளிருக்கு. இத யாரு எனக்குச் சொல்லியிருப்பா? அவன்கிட்ட கேட்டா நல்லாருக்கேம்மா, நல்லாருக்கேம்மான்னுதாஞ் சொல்லுவான். நீதாம் எனக்குக் காட்டிக் குடுத்த. அதைச் சொல்லத்தாம் உன்ன வரச் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்கப் போனவளுக்கு நன்றி சொன்னால் அவள் என்ன செய்வாள்? நானும் அழுதேன். பயந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. பார்த்துக்கொண்டிருந்த அப்பா என்ன செய்வதென்று தெரியாமல், எங்கள் வீட்டிலிருந்து நாங்களே கொண்டுபோன மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

கொஞ்சம் அடங்கியதும், "அப்பம் நிச்சயத்துக்கு நாள் பாக்கலாமா மயினி?" என்றார்.

"பாருங்க அண்ணாச்சி. எங்க பக்கத்து விசாரிப்பும் முடிஞ்சிட்டு."

"எங்கள யாரு விசாரிச்சா?"

"போன மாசம் ஒங்க கடைக்குத் துணி காயப்போடக் கயிறு வாங்க ஒருத்தரு வரலையா? எங்க அண்ணந்தாம்."

அப்பாவுக்கு நினைவு வந்துவிட்டது. அந்த மனிதர் சின்னத் துண்டுக் கயிறு வாங்குவதற்குக் கடையில் வெகுநேரம் உட்கார்ந்து, பிள்ளைகள் எத்தனை, மூத்தவள் என்ன செய்கிறாள் என்றெல்லாம் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். அப்பா அவருக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறார். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா அந்த மனிதர் கேட்டதையெல்லாம் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். தூத்துக்குடி நெருங்கும்போது, "கை தேர்ந்த ஆளுளா" என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சுபா என்னோடு பேசவும் ஆரம்பித்துவிட்டாள், பந்தலில் வந்தவர்களுக்கெல்லாம் என்னை 'மாப்பிள்ளைக்கு போலீஸ் அனுப்புன அக்கா' என்று அறிமுகம் செய்கிற அளவுக்கு. அவள் அங்கே போய்ச் சேர்ந்த அன்று, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே வாசலில் மூடி போட்ட பாத்திரங்கள் வந்து உட்கார்ந்திருந்தனவாம். பிரசவ வலி வந்த நாளில் கொட்டுகிற பனி, ஆஸ்பத்திரியோ அடுத்த கவுன்டியில். மாட்டுப் பண்ணைக்காரர் டிராக்டரால் பாதையில் கிடந்த பனியைத் தள்ளிவிட, ஷெரிஃப் வண்டி முன்னால் போக, பின்னால் என் தங்கை போனாள். பிறந்தது பெண். நாங்கள் இங்கிருந்து ஒரு விரலைக்கூட அசைக்க முடியாத நேரத்தில் யாரோ பெற்ற பிள்ளைகள் அத்தனையும் செய்தார்கள். அவர்களை நினைக்காமல் எங்கள் வீட்டில் ஒரு நல்ல நாள் போவதில்லை.

செந்திலின் அம்மா இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார் என்று எழுத ஆசைதான். மகனோ மருமகளோ போன் எடுக்கவில்லையென்றால் அவர் அவர்களை இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை, என்னைக் கூப்பிடுகிறார். "டீச்சரு, அந்தக் கடைக்கு ஒரு போனு போடு" என்பார். நானும் போடுவேன். என் எண்ணைப் பார்த்ததும் டாரதி கேட்கிற முதல் கேள்வி, "இன்றைக்குக் கல்யாணமா, பனியா?" என்பது. (என் முதல் அழைப்பு கல்யாணத்துக்கு, மற்றதெல்லாம் பனிக்கு.) எங்கள் குடும்பத்தில் இப்போது யார் வீட்டில் எந்த போன் மணி அடித்தாலும் உள்ளே இருந்து ஒரு குரல் அதைத்தான் கேட்கிறது. அப்பா கடையில் வாடிக்கையாளர்களிடம்கூடக் கேட்கிறார், அவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை.

போன குளிர்காலத்தில் ஒருநாள் இருவர் போனும் கிடைக்கவில்லை. புதுக்கோட்டையிலிருந்து உத்தரவு வந்தது. கடைக்குப் போட்டேன்.

"கல்யாணமா, பனியா?"

"பனி" என்றேன்.

"ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. எங்கள் கடையில் மட்டும் ஜெனரேட்டர் ஓடுகிறது. அதனால் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள்" என்றார் டாரதி. அவருக்குப் பின்னால் பாத்திரச் சத்தம், சிரிப்பு, ஒரு குழந்தையின் அழுகை, யாரோ யாரையோ காப்பிக்குக் கூப்பிடுவது எல்லாம் கேட்டது. அந்த ஊரில் எல்லோரும் என்றால் உண்மையாகவே எல்லோரும்தான்.

"சொல்லுங்கள் டீச்சர், யாரைக் கூப்பிட வேண்டும்?"

யாரையும் கூப்பிட வேண்டாம், போனை அப்படியே கொஞ்ச நேரம் மேஜைமேல் வைத்திருங்கள் என்றேன். புதுக்கோட்டையையும் அழைப்பில் சேர்த்துவிட்டேன். நாங்கள் இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.